மாயக்காளின் வலது முழங்கை

சாணார்பட்டிக்குத் தெற்கே, நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரில் மாயக்காள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவன் கண்ணுசாமி. அவனுடைய தம்பி வேலுசாமிக்கு வாக்கப்பட்டு வந்தவள் ஜக்கம்மாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. கத்திரியும் வெங்காயமும் போடுகிற கிணற்றுத் தோட்டம், மேட்டில் கொஞ்சம் சோளக்காடு, தொழுவத்தில் சுருளி என்றொரு எருமை.

கொம்புகள் இரண்டும் காதுக்குப் பின்னால் சுருண்டு வளைந்திருந்ததால் அந்தப் பெயர். மாயக்காள் கைக்கு மட்டும்தான் சுருளி பால் விடும். ஒருமுறை தன் கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்காக மாயக்காள் பிறந்த ஊரான பாலசமுத்திரம் போயிருந்தபோது அது மடியை எக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கண்ணுசாமி போய் உட்கார்ந்தான், உதைத்தது. கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தார்கள், கன்றுக்கு மட்டும் விட்டது. கடைசியில் கண்ணுசாமி பஸ் ஏறிப் போய், பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். கல்யாண வீடே சிரித்தது. மாயக்காளும் சிரித்தாள். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், ஏதாவது ஒரு சாக்கில் அந்தக் கதையை அவள் எடுத்துவிடுவாள்.

அவள் வெடுக்கென்று பேசுகிறவள். ஊரில் அவளுக்குச் சேக்காளி என்று யாரும் கிடையாது. தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் பெண்கள் ஜக்கம்மாளைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஜக்கம்மாள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள், எல்லார் வீட்டுக் குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதையெல்லாம் பார்க்கும்போது மாயக்காளுக்கு உள்ளே சுருக்கென்றிருக்கும். ஆனால் விடிகாலையில் செம்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் நுழையும்போது சுருளி தலையைத் திருப்பி அவளைப் பார்க்கும். அது போதும் அவளுக்கு. பால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மீரான் பாய் டீக்கடைக்குப் போனது. வீட்டில் எண்ணெய், துணிமணி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பாலில்தான் நடந்தது. கறக்கிற கைக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம் தை கழிந்த சமயம், அந்தக் கையில் வலி வந்தது. முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு குத்தல். முதலில் துணி பிழியும்போது வந்தது. பிறகு குழம்புச் சட்டியை இறக்கும்போது வந்தது. பிறகு கறக்க உட்கார்ந்தாலே, பத்துப் பீச்சு பீச்சுவதற்குள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நெருப்பு இழுத்த மாதிரி ஓடியது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். ஊமத்தை இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். எலும்பு கட்டுகிறவர் முட்டையும் உளுந்த மாவும் குழைத்துப் பத்துப் போட்டுக் கட்டிவிட்டார். கட்டைப் பிரித்த அன்றும் வலி அங்கேயேதான் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கறந்து வந்தாள். ஒரு நாள் காலையில், மீரான் பாயின் ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேனைத் திறந்து வைத்துக் காத்திருக்கையில், நிறைசெம்பு அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. பால் மண்ணில் ஓடியது. ஜக்கம்மாள் ஓடி வந்து செம்பை எடுத்தாள்.

"என்னக்கா, கை வலிக்குதா? அன்னைக்கே பாத்தேன், எடக்கையாலதான் சோறு அள்ளிப் போட்டீக."

"ஒனக்கு அதையெல்லாம் பாக்குறதுதான் வேலையா?" என்றாள் மாயக்காள்.

மறுநாள் கண்ணுசாமி அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்கட்டில் இருந்த ஓர் அறைக்கு அனுப்பினார். அங்கே சுவரில் கயிறும் கப்பியும் தொங்கின. மூலையில் ஒரு தகரத் தொட்டியில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. வேலூரில் படித்துவிட்டு வந்த அஜீஸுன்னிசா என்ற பெண் அந்த அறையைப் பார்த்துக்கொண்டாள். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற குடும்பம். மருந்து ஊசி எதுவும் இல்லாமல், தேய்த்தும் நீட்டியும் பயிற்சி கொடுத்தும் குணப்படுத்துகிற வைத்தியம் அவளுடையது.

"கையை நேரா நீட்டுங்கம்மா. நடுவிரலை மேல தூக்குங்க. நான் அமுக்குவேன், விடாம தூக்கிக்கிட்டே இருங்க."

அவள் லேசாகத்தான் அமுக்கினாள். மாயக்காளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இங்கதான?" என்று கட்டைவிரலை வைத்தாள். சரியாக அந்த இடம்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற தசையெல்லாம் இந்த எடத்துல வந்துதான் எலும்புல ஒட்டுது. ஓயாம இறுக்கிப் பிடிச்சா அந்த நார் நைஞ்சு போயிரும். இதை டென்னிஸ் எல்போன்னு சொல்லுவாங்க. மட்டையால பந்து அடிக்கிறவங்களுக்கு வரும்."

"நான் எங்க தாயி பந்து அடிச்சேன்?"

அஜீஸுன்னிசா சிரித்தாள். "நீங்க என்ன வேலை செய்றீங்க?"

மாயக்காள் சொல்வதற்குப் பதில் அவளுடைய சுண்டுவிரலைக் காம்பாகப் பிடித்துக் கறந்து காட்டினாள். அஜீஸுன்னிசா விரலை உதறிக்கொண்டாள். "அம்மாடி! கட்டைவிரலை உள்ள மடக்கி இறுக்குறீங்க. ரெண்டு வேளையும் இப்படியா?"

உருகிய மெழுகை முழங்கையில் அடுக்கடுக்காகப் பூசி, துணி சுற்றி, ஆறவிட்டு உரித்தாள். பிறகு வலிக்கிற இடத்தில் விரல்நுனியை ஊன்றி, தசை ஓடுகிற போக்குக்குக் குறுக்கே, தோல் வழுக்காமல், முன்னும் பின்னுமாகத் தேய்த்தாள். முதலில் உயிர் போனது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மரத்துப்போன மாதிரி ஆகி, வலி எட்டிப் போய் நின்றது. கடைசியில் மணிக்கட்டு தொங்காமல் தூக்கிப் பிடிக்கிற மாதிரி, உள்ளே தகடு வைத்த ஒரு தோல் பட்டையைக் கட்டிவிட்டாள்.

"தண்ணிக் குடம் தூக்கக் கூடாது. துணி பிழியக் கூடாது. ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் கறவை கூடவே கூடாது."

"அது என் கைக்குத்தான் பால் விடும், தாயி."

"வீட்டுல வேற பொம்பளைங்க இல்லையா?"

மாயக்காள் தோல் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற கண்ணுசாமி, "இருக்கா, இருக்கா. தம்பி பொண்டாட்டி இருக்கா" என்றான்.

அன்று சாயங்காலம் ஜக்கம்மாள் தொழுவத்துக்குள் போனாள். மாயக்காள் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு காதை மட்டும் தொழுவத்தில் வைத்திருந்தாள். செம்பில் பால் விழும் சத்தம் கேட்கவில்லை. வாலை அடிக்கும் சத்தம்தான் கேட்டது. ஜக்கம்மாள் வெறுஞ்செம்போடு வந்தாள். அன்று இராச்சாப்பாடு மாயக்காளுக்கு ருசியாக இருந்தது.

மறுநாள் காலையும் அப்படியே. சாயங்காலம் அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது, சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. வெறும் செம்பின் அடியில் முதல் பீச்சு விழுகிற சத்தம். பிறகு நுரையில் நுரை விழுகிற மெத்தென்ற சத்தம். சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள்.

சுருளி அசைபோட்டபடி நின்றது. அதன் வயிற்றில் தலையைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தவள் உடம்பில் மாயக்காளின் சேலை இருந்தது. அரக்கு நிறம், சாணிக் கறை படிந்த பழைய கறவைச் சேலை. ஒரு கணம் அங்கே உட்கார்ந்திருப்பது தான்தானோ என்று இருந்தது அவளுக்கு.

கண்ணுசாமி தொழுவத்துத் தூணில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "விட்டுருச்சு பாத்தியா! ஒன் வாசம் தெரிஞ்சா விட்டுரும்னு ஜக்கம்மாதான் சொன்னா. கொடியில கெடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன்."

"என் சேலைய எடுத்துக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பழைய சேலைதான, புள்ள?"

அவள் திரும்பிப் போய்ச் சல்லடையை எடுத்தாள். சலித்த மாவையே மறுபடி கொட்டிச் சலித்தாள்.

நாலைந்து நாளில் சேலையும் தேவைப்படவில்லை. ஜக்கம்மாள் தன் சேலையிலேயே போய் உட்கார்ந்தாள். சுருளியிடம் ஏதோ பேசிக்கொண்டே கறப்பாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் பேசுகிற அதே பேச்சு. அது காதை ஆட்டும். மாயக்காள் இத்தனை வருஷத்தில் அதனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியிருந்ததில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தப் பேச்சு காதில் விழுந்தால், அடுப்பங்கரையில் பாத்திரங்களை உருட்டுவாள்.

ஒரு நாள் மீரான் பாய் சந்தைக்கு வந்த வழியில் வீட்டுக்கும் வந்தார். "தங்கச்சி கை எப்படி இருக்கு? பாலைப் பத்திக் கவலப்படாத. இப்ப நல்லா திக்கா வருது. டீ குடிக்கிறவன் சொல்றான், பாய், பாலை மாத்திட்டீகளான்னு."

"எரும அதுதான், தீனியும் அதுதான். எப்படி மாறும்?" என்றாள் மாயக்காள்.

"கைராசியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ஜக்கம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார்.

கைராசி என்ற அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த சந்தை நாளில் ஜக்கம்மாள் வெங்காயம் விற்கச் சாணார்பட்டிக்குப் போய், திரும்ப நேரமாகிவிட்டது. ஆண்கள் தோட்டத்தில் இருந்தார்கள். மாயக்காள் தோல் பட்டையை அவிழ்த்துச் சுவரில் மாட்டினாள். செம்பை எடுத்துக்கொண்டு போனாள். சுருளி தலையைத் திருப்பிப் பார்த்தது. கையை வைத்ததும் விட்டது. வலி பாதியில் வந்தது, நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரை ஒட்டக் கறந்தாள். செம்பைத் தூக்க முடியாமல் அங்கேயே வைத்துவிட்டு, பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அஜீஸுன்னிசா முழங்கையைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டாள். "கறந்தீங்களா?"

"இல்ல."

"வீங்கியிருக்கே."

"சும்மா படுக்கையில நசுங்கியிருக்கும்."

அஜீஸுன்னிசா எழுந்து போனாள். மெழுகுத் தொட்டியைக் கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நீங்க பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. இனி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவை இங்க வந்து தேச்சா இனி போதாது, தினம் தேய்க்கணும். வீட்டுல யாராவது கத்துக்கிட்டா நல்லது."

கண்ணுசாமி பின்வாங்கினான். "நானா? மம்பட்டி பிடிக்கிற கை. பொண்டாட்டி கையப் பிடிச்சுத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஊர்க்காரன் சிரிப்பான்."

அப்படித்தான் அடுத்த தடவை ஜக்கம்மாளும் பஸ்ஸில் வந்தாள். வழி நெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள். அறையில் அஜீஸுன்னிசா அவளுடைய விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள்.

"இதைத் தொட்டா அவங்களுக்குச் சுருக்குனு இருக்கும். அதுதான் எடம். ஆள்காட்டி விரல் மேல நடுவிரலை ஏத்தி வச்சுக்குங்க. இப்ப குறுக்க... தோல்ல போகாம உள்ள போகணும். ஆங், அப்படித்தான்! எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒருத்தருக்கும் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டதில்ல."

ஜக்கம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மாயக்காள் சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் இவளைத்தான் மெச்ச வேண்டுமா என்று நினைத்தாள்.

தினமும் காலையில் கறவை முடித்த கையோடு ஜக்கம்மாள் வந்து எதிரே உட்காருவாள். அவள் கையில் பால்வாசம் இருக்கும். மாயக்காளுக்கு வலியைவிட அந்த வாசம்தான் பொறுக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவாள். ஒரு நாள் வலி உச்சிக்கு ஏறியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணும்னே அமுக்குற. எனக்குத் தெரியாதா? இந்தக் கை நல்லாவே ஆகக் கூடாதுன்னுதான் ஒனக்கு நெனப்பு."

ஜக்கம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நீங்க ஏவுன வேலையத்தான் செய்றேன். அடுப்புல எவ்வளவு உப்புன்னுகூட நீங்கதான் சொல்றீக. எனக்குன்னு ஒரு வேல கெடையாது. தொழுவத்துக்குள்ள போகக்கூட விடமாட்டீக. அங்க என்னமோ சாமி இருக்குற மாதிரி. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு வயிறு எரியும்."

மாயக்காள் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். தன்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"இப்பக் கெடச்சிருக்கு," என்றாள் ஜக்கம்மாள். "உங்க கை நல்லானாலும் சுருளிய விடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப எதுக்குடி தேச்சு விடுற? விட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

"கை வேற, எரும வேறக்கா. நீட்டுங்க."

மாயக்காள் நீட்டினாள். மறுபடி அதே இடம், அதே வலி. ஆனால் அன்றைக்குப் பிறகு வேண்டுமென்றே அமுக்குகிறாள் என்ற எண்ணம் வரவில்லை. எருமையைப் பற்றிய எரிச்சல் மட்டும் முன்னைவிடக் கூடிவிட்டது.

சித்திரை வெயில் ஏறுவதற்குள் வீக்கம் வடிந்தது. அஜீஸுன்னிசா பயிற்சிகளைத் தொடங்கினாள். கையை நேராக நீட்டி, மணிக்கட்டைக் கீழே மடக்கி, மறுகையால் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். மணல் நிரப்பிய சின்னப் பையை முன்கையை மேசையில் வைத்தபடி தூக்கி இறக்க வேண்டும். துண்டை நனைக்காமல் முறுக்க வேண்டும். மாயக்காள் இவற்றை வெறி பிடித்தவள் மாதிரிச் செய்தாள். தொழுவத்தில் பால் பீச்சும் சத்தம் கேட்கும் நேரமாகப் பார்த்துத்தான் மணல் பையை எடுப்பாள்.

ஒரு நாள் அஜீஸுன்னிசா அவளுடைய மணிக்கட்டை மடக்கிப் பிடித்து, "மூச்சை விடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் முழங்கையைச் சட்டென்று ஒரே வீச்சில் நீட்டினாள். சொடக்கென்று ஒரு சத்தம். மாயக்காள் அலறினாள். பிறகு கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பயந்துகொண்டே மறுபடி நீட்டினாள். அந்த இழுப்பு இல்லை.

"கறக்கலாமா, தாயி?"

"ஒரு வேளைதான். ரெண்டு வேளையும் கறந்தீங்கன்னா திரும்ப இங்கதான் வந்து நிப்பீங்க. கட்டைவிரலை மடக்காதீங்க. முழுக் கையால பிடிச்சுக் கறங்க."

மறுநாள் விடிந்ததும் மாயக்காள் செம்பை எடுத்துக்கொண்டாள். ஜக்கம்மாளும் எழுந்து வந்து தொழுவத்து வாசலில் நின்றாள். மாயக்காள் கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினாள், உட்கார்ந்தாள். அவள் இரண்டு விதமாகவும் நினைத்து வைத்திருந்தாள். சுருளி தன்னைக் கண்டதும் துள்ளும், இல்லையென்றால் மறந்துபோய் உதைக்கும். அது இரண்டையும் செய்யவில்லை. தொட்டியில் கிடந்த பருத்திக்கொட்டையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் பால் விட்டது. சாயங்காலம் ஜக்கம்மாள் உட்கார்ந்தாள். அவளுக்கும் அப்படியே விட்டது.

மாயக்காளுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. உதைத்திருந்தால் அழுதிருப்பாள்.

அதிலிருந்து காலை மாயக்காளுக்கு, மாலை ஜக்கம்மாளுக்கு என்று ஆனது. யார் செம்பு எவ்வளவு நிறைந்தது என்று இருவரும் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். பாலசமுத்திரத்துக் கல்யாணக் கதையை மாயக்காள் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு முற்பகல், தெற்குத் தெருப் பொன்னழகு முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நெல் அவித்து விற்கிறவள். "சின்னவ இல்லையா? கை வலின்னா தேச்சு விடுவாளாம்ல? ஊருக்குள்ள எல்லாரும் சொல்றாக."

ஊருக்குள் எல்லாரும் சொல்வது மாயக்காளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சில் பழைய எரிச்சல் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அவ தோட்டத்துக்குப் போயிருக்கா. உக்காரு," என்றாள். "கைய நீட்டு. நடுவிரலத் தூக்கு. நான் அமுக்குவேன்."

பொன்னழகு முகத்தைச் சுளித்தாள். மாயக்காள் விரலை வைத்தாள். அந்த இடத்தை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே வலி தொடங்கும், எவ்வளவு நேரத்தில் மரத்துப்போகும், எப்போது கையை இழுத்துக்கொண்டு ஓடத் தோன்றும் என்று எல்லாம் தெரிந்திருந்தது.

"இப்ப உசுரு போகும். செத்த நேரம் பொறு. பெறகு எட்டிப் போயிரும்."

"நெசமாவா?"

"நான் பட்டவ, சொல்றேன்."

பொன்னழகு பொறுத்தாள். பொறுத்துக்கொண்டே தன் மருமகளைப் பற்றி, நெல் விலையைப் பற்றி, பிறகு தன் வீட்டுக்காரரைப் பற்றியெல்லாம் பேசத் தொடங்கினாள். மாயக்காள் கேட்டுக்கொண்டே தேய்த்தாள். நடுவில் இரண்டு வார்த்தை பதிலும் சொன்னாள். இத்தனை நேரம் ஒரு பெண் அவள் எதிரே உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

ஜக்கம்மாள் கத்திரிக்காய்க் கூடையோடு வந்து வாசலில் நின்றாள். கூடையை இறக்கவில்லை. மாயக்காளின் விரலையும் பொன்னழகின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று மாயக்காளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, விரல் மேல விரல ஏத்தி வைக்கணும்," என்றாள் ஜக்கம்மாள்.

"தெரியும். நீ போயி வெஞ்சனத்துக்குக் காய அரி."

ஜக்கம்மாள் உள்ளே போகவில்லை. கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினாள். பொன்னழகு தினமும் வந்தாள். ஒரு நாள் இவள் தேய்ப்பாள், ஒரு நாள் அவள். கை நல்லானபோது பொன்னழகு இரண்டு படி அவல் இடித்துக் கொண்டுவந்து, யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். மாயக்காள் முந்திக்கொண்டு வாங்கினாள். இரண்டு தட்டில் பாதிப் பாதியாகக் கொட்டி, ஒன்றை ஜக்கம்மாள் பக்கம் தள்ளிவிட்டாள். ஜக்கம்மாள் இரண்டு தட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க தட்டுலதான் கூடுதலா இருக்கு" என்று சொல்லி அதிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டாள்.